கதைக்குள்ளே கடை!

படக்கொட்டகையிலே விளக்கு அணைகிறது. கதாநாயகன் வருகிறான், சிகரெட்டைப் பற்ற வைக்கிறான். வைத்த மறுகணமே திரையின் அடியிலே எழுத்து எழுந்து நின்று எச்சரிக்கிறது, புகை உடலுக்குக் கேடு, உயிருக்கும் கேடு என்று! படம் தொடங்குமுன் ஒருமுறை, இடைவேளை கழிந்து ஒருமுறை, புகையிலையால் நோயுற்றோர் படும் அவலத்தைக் காட்டும் சிறு படமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டத்தின் கீழ், 2011லும் 2012லும் மத்திய அரசு வகுத்த விதிகளின் விளைவு இது. 2018ஆம் ஆண்டிலே 'சர்கார்' படத்தின் முதற் சுவரொட்டியில் கதாநாயகன் வாயில் சிகரெட் புகைந்தது. தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையிடமிருந்து அறிவிப்புச் சென்றது. படத்தை எடுத்தோர் அந்தச் சுவரொட்டியை நீக்கிக்கொண்டனர். நன்று. மிக நன்று.

எழுத்து மறைகிறது. அடுத்த காட்சி. அதே கதாநாயகன், அதே கை. கையிலே இப்போது ஒரு குளிர்பானப் புட்டி. அல்லது ஒரு கைப்பேசி. அல்லது அவன் ஏறிப் பறக்கும் வண்டியின் முகப்பிலே பளபளக்கும் முத்திரை. காதலியின் கண்ணீரைக் காட்ட வந்த கேமரா, அவள் தோளில் தொங்கும் கடைப்பையைக் காட்டிவிட்டுத்தான் கண்ணீருக்குத் திரும்புகிறது! காற்றடித்தாலும், மழை பொழிந்தாலும், கதாநாயகன் குண்டடி பட்டுச் சாய்ந்தாலும், புட்டியின் பெயர் ஒட்டிய பக்கம் மட்டும் நம்மை விட்டுத் திரும்புவதில்லை. இப்போது திரையின் அடியிலே எழுத்து ஏதேனும் எழுகிறதோ? 'இந்தப் புட்டி இந்தக் காட்சிக்கு வர நாங்கள் காசு பெற்றோம்' என்று எவரேனும் நமக்குச் சொல்கின்றனரோ? இல்லை. எழுத்துக்கு அங்கே வேலை இல்லை என்று எண்ணிவிட்டனர் போலும்!

திரைத்தொழிலில் உள்ளோர் இதற்கு 'பிராண்டு பிளேஸ்மென்ட்' என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். வாய் நிறைந்த பெயர். நாம் இதனைக் கதைக்குள்ளே கடை என்போம்.

கடைக்காரர்மீது நமக்குப் பகையில்லை. சரக்கு உள்ளவன் கூவி விற்கிறான். அது அவன் தொழில். பழைய கீற்றுக் கொட்டகைகளிலே, படம் ஓடுமுன் கண்ணாடித் தகட்டை விளக்கின் முன் செருகி, பற்பொடி விளம்பரமும் பாத்திரக்கடை விளம்பரமும் காட்டினர். பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையிலே தைல விளம்பரம் வந்தது. லக்ஸ் சோப்புக்கு 1941ஆம் ஆண்டிலேயே நடிகை லீலா சிட்னிஸ் முகம் தந்தார். அவருக்குப் பின் அந்தச் சோப்பின் உறையை அலங்கரிக்காத அழகியர் அரிது. அவை யாவும் விளம்பரம் என்ற பெயரோடு வந்தன. வந்தபோது நாம் முறுக்குத் தின்றோம், அடுத்தவரோடு பேசினோம், 'பொய் சொல்கிறான்' என்று சிரித்தோம். சிரிக்கும் உரிமை நமக்கு இருந்தது. விளம்பரம் என்று தெரிந்ததால் அறிவு விழித்திருந்தது.

அந்த விழிப்புத்தான் வணிகனுக்கு இடையூறு. விழித்திருப்பவனிடம் விற்பது கடினம். ஆகவே அவன் தூங்குமிடம் தேடினான். மனிதன் மனமுவந்து, காசும் கொடுத்து, இருட்டிலே அமர்ந்து, தன் ஐயங்களை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு, சொல்வதையெல்லாம் இரண்டரை மணி நேரம் நம்புவதற்கு ஒப்புக்கொள்ளும் இடங்கள் உலகில் இரண்டு. ஒன்று கோவில். மற்றொன்று கொட்டகை.

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஸ்டீவன் ஸ்பீல்பர்க் எடுத்த 'ஈ.டி.' படத்தில், வேற்றுலக உயிரை ஒரு சிறுவன் மிட்டாய் காட்டி வீட்டுக்குள் அழைத்து வருவான். 'எம் அண்டு எம்' மிட்டாயைத் தர அதன் முதலாளிகள் மறுத்தனர். ஹெர்ஷி நிறுவனம் தன் மிட்டாயைத் தந்தது. படத்தைப் பரப்பும் விளம்பரங்களுக்கெனப் பத்து லட்சம் டாலர் செலவிடவும் இசைந்தது. மிட்டாயின் விற்பனை ஏறிற்று; முதலாளிகளின் கண் திறந்தது. மறு ஆண்டு, 1983இல், நடிகர் சில்வஸ்டர் ஸ்டாலோன் ஒரு புகையிலை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஐந்து லட்சம் டாலர் தந்தால் தம் படங்கள் ஐந்திலே அவர்களின் சரக்கைப் பயன்படுத்துவதாக அதில் இருந்தது. பின்னாளில் புகையிலை முதலாளிகள்மீது வழக்குகள் பாய்ந்தபோது அந்தக் கடிதம் வெளியே வந்து பொது ஆவணமாயிற்று. வழக்கு வந்திராவிடில் அவர் கையிலிருந்த சிகரெட்டைப் 'பாத்திரத்தின் இயல்பு' என்று கலை விமரிசகர்கள் இன்றளவும் எழுதிக்கொண்டிருந்திருப்பர்!

இந்தித் திரை அடுத்தபடி. 1999இல் வந்த 'தால்' படத்திலே காதலரிருவரின் நேசத்துக்குக் கோகோ கோலாப் புட்டியே தூது. 2001இல் அதே இயக்குநரின் 'யாதேன்' படத்திலே கோலாவும் மிதிவண்டியும் வாய்மணப் பாக்கும் வரிசை கட்டின. 2003இல் 'கோயி மில் கயா'விலே போர்ன்விட்டா. குழந்தைகளுக்கான படம், குழந்தைகளுக்கான பானம்! பள்ளியிலே பாடம் சொல்லும் நமக்கு இது சற்றே மிகுதியாக உறுத்துகிறது. ஒன்பது வயதுக் குழந்தை கதையையும் கடையையும் எந்தத் தராசிலே நிறுத்துப் பிரிக்கும்?

வடக்கை விடுவோம். நம் வீட்டுக்கு வருவோம்.

2014ஆம் ஆண்டு தீபாவளிக்கு 'கத்தி' வெளிவந்தது. ஏ. ஆர். முருகதாஸ் இயக்கியது, நடிகர் விஜய் இரட்டை வேடம் ஏற்றது. திருநெல்வேலிச் சீமையிலே தன்னூத்து என்றொரு சிற்றூர். அந்த ஊரின் நீரையும் நிலத்தையும் விழுங்க வருகிறது ஒரு குளிர்பான நிறுவனம். பயிர் வாடுகிறது, ஊரை உலகம் திரும்பியும் பார்க்கவில்லை, பார்க்க வைப்பதற்காக முதியோர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொள்கின்றனர். கதாநாயகன் செய்தியாளர் முன் நின்று பேசும் பேச்சு, அந்தப் படத்தின் உயிர்க்காட்சி. கொட்டகை அதிர்ந்தது. படம் நல்ல படந்தான். உழவனின் சாவு செய்தியாவதற்குக்கூட விளம்பரதாரனின் அனுமதி வேண்டும் என்ற உண்மையை, அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு, அவ்வளவு உரத்துச் சொன்ன தமிழ்ப்படம் வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

ஆனால் அதே முகம், சில ஆண்டுகளுக்கு முன்னர், கோகோ கோலா விளம்பரத்திலே சிரித்த முகம். படம் வந்தபோதே பலர் இதை எடுத்துக் காட்டினர். 'இரட்டை வேடம் படத்தில் மட்டுமா?' என்று நையாண்டியும் செய்தனர். நையாண்டியோடு நிறுத்திக்கொள்ள நமக்கு விருப்பமில்லை. மனிதன் மனம் மாறுவது குற்றமன்று; மாறினால் வரவேற்போம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. விளம்பரத்திலே புட்டிக்குப் பெயர் இருந்தது. பளிச்சென்று, செந்நிறத்திலே, கண்ணைப் பறிக்கும் எழுத்திலே இருந்தது. படத்திலே ஊரை அழிக்கும் நிறுவனத்துக்கோ உலகில் எங்குமே இல்லாத கற்பனைப் பெயர்! விற்கும்போது பெயர் உண்டு. குற்றம் சாட்டும்போது பெயர் இல்லை. அச்சம் காரணமா, சட்டம் காரணமா, தணிக்கை காரணமா? எதுவாயினும் ஆகுக. பொருளின் பெயர் திரைக்குள் நுழையப் புகழ்வாயில் ஒன்றே திறந்திருக்கிறது. பழிவாயில் பூட்டியே கிடக்கிறது. இதிலே எந்தத் தராசு நேர்த்தராசு?

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் நம் ஆறுமுகநேரிக்கு அண்மையில்தான் உள்ளது. ஆற்றின் தலைப்பகுதியில் இருப்போர் நீரைப் பற்றிப் பேசுவது வேறு. வாலில் இருக்கும் நாம் பேசுவது வேறு. மேலே எவரெவர் மொண்டாரோ அவர் போக மிஞ்சியதுதான் நமக்கு. அந்த ஆற்று நீர் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக் குளிர்பான ஆலைகளுக்குச் செல்வதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். 2016 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2ஆம் நாள் வழக்குகள் தள்ளுபடியாயின; தடையும் நீங்கிற்று. அதற்கு முந்தைய நாள்தான், மார்ச் 1ஆம் நாள்தான், தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அயல்நாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்ற முடிவை நடைமுறைக்குக் கொணர்ந்திருந்தன. சல்லிக்கட்டுக் கிளர்ச்சியிலே மாணவர் எழுப்பிய முழக்கம் கடைத்தெரு வரை நடந்து வந்த நாட்கள் அவை. 'கலர்' என்று நாம் அன்போடு அழைக்கும் உள்ளூர்ச் சோடாக்களும், விருதுநகரிலே 1916இல் பிறந்த காளிமார்க்கின் பொவண்டோவும் முன்வரிசைக்கு வந்தன.

அந்தப் புறக்கணிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். இன்று எல்லாப் புட்டிகளும் ஒரே குளிர்ப்பெட்டியிலே தோளோடு தோள் நிற்கின்றன. கைத்தட்டல் ஒரு மாலைப்பொழுது. விளம்பரமோ ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்!

இனி, நமக்கு இன்னும் நெருங்கிய ஒன்று.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் செந்தூர் விரைவு வண்டி நம்மூர் வழியேதான் ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின், அந்த வண்டியிலே ஏறும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். கையிலே ஒரு பை, பையிலே மூன்று உடுப்பு, நெஞ்சிலே சென்னை. கல்லூரிக்குச் செல்வோர் சிலர். துணிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் நின்று வேலை செய்யச் செல்வோர் பலர். உப்பளத்திலே வெயிலில் நின்ற பெற்றோரின் பிள்ளைகள், தியாகராய நகரிலே குளிரூட்டிய மாடியில் நிற்கப் போகின்றனர். நிற்பது மட்டும் மாறவில்லை.

அந்தப் பிள்ளைகளின் கதையைத் திரைக்குக் கொணர்ந்தது, வசந்தபாலன் இயக்கி 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு'. உரையாடல் ஜெயமோகன். தேர்விலே முதன்மையாகத் தேறிய சோதிலிங்கம், தந்தையைத் தொடர்வண்டிப் பாதை விபத்திலே இழந்து, படிப்பைத் துறந்து, ரங்கநாதன் தெருக் கடையொன்றில் விற்பனைப் பையனாகிறான். அங்கே கனி என்ற பெண். கூட்டம் அலைமோதும் பகல், ஒரே கூடத்திலே வரிசையாகப் படுத்துறங்கும் இரவு, மேற்பார்வையாளனின் அறை, உட்காரக் கிடைக்காத கால்கள். கடைக்கு எந்த உண்மைக் கடையின் பெயரையும் படம் சூட்டவில்லை. நாமும் சூட்ட வேண்டியதில்லை. தம் பிள்ளையை அனுப்பிய ஒவ்வொரு தாயும் தன் மனத்திலே ஒரு பெயரை எழுதிக்கொண்டாள்.

இப்படத்திலே நடிகை சிநேகா நடிகை சிநேகாவாகவே வருகிறார், கடையின் விளம்பரப் படப்பிடிப்புக்காக! நம் கட்டுரைக்கு அந்தப் பகுதி பொன்னினும் அரியது. நாம் வீட்டிலே தொலைக்காட்சியில் காணும் விளம்பரத்தின் முன்பக்கத்தை அறிவோம்: ஒளி, பட்டு, புன்னகை. அதன் பின்பக்கத்தை இந்தப் படம் காட்டிற்று. அந்த ஒளிவட்டத்துக்கு வெளியே, ஓரமாக, இருட்டிலே நின்று வேடிக்கை பார்க்கும் விற்பனைப் பெண்களின் முகங்களைக் காட்டிற்று. பட்டை மடித்து அடுக்கியவள் அவள். ஆனால் பட்டோடு படத்தில் நிற்பவள் மற்றொருத்தி. விளம்பரம் எதனை மறைக்கிறது என்று கேட்ட தமிழ்ப்படம் அது. நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்: நூறு மேடைப் பேச்சுக்கு அந்தப் படம் ஈடு. குறை இல்லாத படமன்று. இறுதியில் கனியின் கால்களைப் பறித்துத்தான் நம் கண்ணீரைப் பெற வேண்டுமா? அதற்கு முன்பே, நின்று நின்று அவள் கால்கள் பறிபோய்க்கொண்டுதானே இருந்தன!

2021ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018இலேயே அவ்வாறு செய்திருந்தது. மனிதன் உட்காருவதற்கு ஒரு சட்டம்! அந்தச் சட்டத்துக்குப் பின்னால் படம் ஒன்று மட்டும் நின்றது என்று பெருமை பேச மாட்டோம். தொழிலாளர் பல ஆண்டுகள் கேட்டனர். ஆயினும் 'அவர்கள் உட்காருவதில்லையே' என்பதையே கவனியாதிருந்த ஊரார் கண்ணுக்கு, அந்தக் கால்களை முதலில் காட்டியவற்றுள் அந்தப் படம் ஒன்று. கேமரா கடைப்பையை விட்டுக் கடைக்காரியை நோக்கித் திரும்பினால் விளைவு என்னாகும் என்பதற்கு இது சான்று.

பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 2022 சூலை 28ஆம் நாள், அதே வணிக உலகத்திலிருந்து மற்றொரு படம் வந்தது: 'தி லெஜண்ட்'. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பணிக்கநாடார் குடியிருப்பிலிருந்து சென்ற உடன்பிறந்தார், ரங்கநாதன் தெருவிலே தொடங்கி வளர்த்தது சரவணா ஸ்டோர்ஸ் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். அந்தப் பெயர் தாங்கிய 'லெஜண்ட் சரவணா ஸ்டோர்ஸ்' உரிமையாளரே இந்தப் படத்தின் கதாநாயகர். அதற்கு முன்பு தம் கடை விளம்பரங்களிலே தமன்னா, ஹன்சிகா முதலிய நடிகையரோடு தாமே தோன்றியவர். அந்த விளம்பரங்களை எடுத்த ஜே.டி., ஜெர்ரி இருவரே படத்துக்கும் இயக்குநர்கள். கதாநாயகன் நீரிழிவுக்கு மருந்து காணும் அறிவியலாளன். ஐந்து மொழிகளிலே வெளியிட்டனர். படத்தின் பெயரோ கடைப் பலகையிலே உள்ள பெயர்!

இந்தப் படத்தைக் கேலி செய்தோர் ஏராளம். அவர் முகத்தைக் கேலி செய்தனர். நடையைக் கேலி செய்தனர். அந்தக் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். வெள்ளைத் தோலையும் வடநாட்டு மூக்கையுமே அழகு என்று பழகிப்போன கண்கள், நம் ஊர்ச் சாயலில் ஒருவர் பாட்டுக்கு ஆடினால் சிரிக்கின்றன. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று சிரிப்போர் தம்மைத் தாமே கேட்கட்டும். வணிகர் காசு கொடுத்து நடிகரை நிறுத்தினால் அது கலை. வணிகரே வந்து நின்றால் அது நகைப்புக்குரியதோ? உண்மையில், கதைக்குள் கடை விரிக்கும் முறைகளிலே இதுவே நேர்மையானது. யார் விற்கிறார், எதனை விற்கிறார் என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. கடை கதைக்குள் ஒளியவில்லை. கதையே கடைக்குள் வந்துவிட்டது!

படமாக அது தேறவில்லை. கதாநாயகன் நல்லவன், வல்லவன், மருத்துவன், மாவீரன். விளம்பரத்திலே பொருளுக்குக் குறை இருத்தல் ஆகாது அல்லவா? அந்த இலக்கணத்தையே பாத்திரத்துக்கும் பொருத்திவிட்டனர். குறையில்லாத மனிதனுக்குக் கதை கிடையாது. விளம்பரம் கலையைக் கெடுக்கும் விதம் இதுதான்: புட்டி வந்து நிற்பதால் ஒரு நொடி கெடுகிறது, அதைப் பொறுக்கலாம். புட்டிக்குக் களங்கம் வரக்கூடாது என்பதற்காகக் கதை வளைக்கப்படுகிறதே, அதுதான் பெருங்கேடு. காசு கொடுத்த நிறுவனத்தின் வண்டி வழியிலே பழுதாகி நின்ற படம் உண்டோ? காசு கொடுத்த நகைக்கடையின் சங்கிலியை அடகு வைக்கப் போய், மாற்றுக் குறைவு என்று அடகுக்காரன் உதடு பிதுக்கிய காட்சி உண்டோ?

சங்கிலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உப்புப் பொட்டலத்துக்கும் இன்று தொலைக்காட்சியிலே விளம்பரம் உண்டு. தூய்மை, நாடு, தாயன்பு எல்லாம் அதிலே உண்டு. பாத்தியிலே இறங்கி உப்பு வாரியவர் மட்டும் இல்லை. ஆறுமுகநேரியிலே இருப்போர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

'இவ்வளவு பேசுகிறீரே, திராவிட இயக்கத்தார் திரையிலே விளம்பரம் செய்யவில்லையா?' என்று ஒரு நண்பர் கேட்பார். கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். 1952 டிசம்பரில் வந்த 'பணம்' படத்திலே, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய அந்தப் படத்திலே, கழகத்தின் பெயரெழுத்துகளைக் காதில் ஒலிக்கச் செய்யும் பாட்டு இருந்தது. தணிக்கையாளர் கண்ணுக்கு அது திருக்குறள் முன்னணிக் கழகமாகக் காட்சி தந்தது! 1958இல் 'நாடோடி மன்னன்' தொடங்குமுன், எம்.ஜி.ஆரின் பட நிறுவனச் சின்னத்திலே ஆணும் பெண்ணும் இருநிறக் கொடி பிடித்து நின்றனர். கொட்டகை கைத்தட்டியது. இதுவும் கதைக்குள் கடைதானே?

வேற்றுமை உண்டு. கொடி பிடித்தவர் அந்தக் கொடிக்கு உரியவர் என்பதை ஊரறியும், கூலிக்குப் பிடிக்கவில்லை. ஆட்சியிலிருந்தோர் அதனை வெட்டக் கத்தரிக்கோலோடு காத்திருந்தனர். அதனால் மறைமொழி தேவைப்பட்டது. மறைமொழியின் பொருள் பார்ப்பவனுக்குத் தெரியும், தணிக்கையாளனுக்கே தெரியக்கூடாது. இன்றைய கடையிலோ தணிக்கையாளனுக்கும் தெரியும், தயாரிப்பாளனுக்கும் தெரியும். பார்ப்பவனுக்கு மட்டும் தெரியக்கூடாது!

வேற்றுமை இருக்கிறது என்பதற்காக உறவே இல்லை என்று அடித்துக் கூற நமக்கு மனம் வரவில்லை. கருத்தைச் சொல்லிக் கைத்தட்டல் பெற்ற காலம் போய், முகத்தைக் காட்டிக் கைத்தட்டல் பெற்ற காலம் வந்தது. முகத்தை நம்பு, அது சொல்வதை நம்பு, அது பிடித்ததை நம்பு என்ற பழக்கம் தமிழ்நாட்டிலே வேர்கொண்டதில் நமக்குப் பங்கில்லையா? அட்டை உருவத்துக்குப் பாலூற்றும் வாலிபன், கல்லுக்குப் பாலூற்றாதே என்று கேட்டு வளர்ந்தவனின் பேரன். வணிகன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஏற்கெனவே வணங்கக் குனிந்திருந்த தலைகளைக் கண்டான்; அவற்றுக்கு எதிரே தன் புட்டியை வைத்தான்.

செய்ய வேண்டியது என்ன? பொருளைத் திரையில் காட்டாதே என்று தடை கேட்கும் கட்சி நம் கட்சியன்று. வாழ்க்கையிலே பொருள்கள் இருக்கின்றன, பெயரோடு இருக்கின்றன, கதையிலும் இருக்கட்டும். மிதிவண்டிக்கும் தேயிலைக்கும் பெயர் இருப்பது இயல்பு. காசு கைமாறியிருந்தால் அதைச் சொல்லிவிடு என்பதே நம் கோரிக்கை. இங்கிலாந்திலே 2011 பிப்ரவரி முதல், தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே காசு பெற்றுப் பொருளைக் காட்டலாம் என்று இசைவளித்தனர். கூடவே, அத்தகைய நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் இறுதியிலும் 'பி' என்ற எழுத்துமுத்திரை திரையில் தெரிய வேண்டும் என்றும் விதித்தனர். எளிய விதி. ஓர் எழுத்து. பார்ப்பவன் விழித்துக்கொள்ள அது போதும்.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. 2022 சூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர்க்கும் அதன் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும். 2023 சனவரியில், சமூக வலைத்தளத்திலே பொருள்களைப் பரிந்துரைப்போர்க்கென விளக்கமும் வந்தது. ஆக, தன் அறையிலே கைப்பேசி முன் நின்று முகப்பூச்சைப் புகழும் பத்தொன்பது வயதுப் பெண் 'இது விளம்பரம்' என்று எழுதிக் காட்ட வேண்டும்! கோடிகளிலே சம்பளம் பெறும் கதாநாயகன் கதைக்கு நடுவே அதே பூச்சைப் பூசிக்கொண்டால்? அந்த நேரத்தில் அத்தகைய எழுத்தொன்று திரையிலே எழுந்ததை நாம் எந்தக் கொட்டகையிலும் கண்டதில்லை. சிகரெட்டுக்கு எழுத்து எழுப்பத் தெரிந்த திரைக்கு, புட்டிக்கு எழுப்பத் தெரியாமற் போகுமா?

இப்போது இருப்பதெல்லாம் 'நன்றி' அட்டை. படம் தொடங்கும்போது மின்னல்போல் ஓடி மறைகிறதே, அது. நகைக்கடை, துணிக்கடை, வண்டி நிறுவனம், வீட்டுமனை நிறுவனம், மன்றத் தலைவர், மாமன், மைத்துனர் யாவருக்கும் அதிலே ஒரே நன்றி. செய்ந்நன்றி மறவாமை தமிழர் பண்பாடு, போற்றுவோம். ஆனால் செய்த நன்றி இன்னதென்று சொல்லாமல் கூறும் நன்றி, நன்றியன்று, பற்றுச்சீட்டு. அதிலும் தொகை எழுதாத பற்றுச்சீட்டு!

படிப்பகங்களிலும் மன்றங்களிலும் கூடும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்வோம். அடுத்த படத்துக்குச் செல்கையில் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். 'நன்றி' அட்டையிலே கண்ட பெயர்களை இடப்பக்கம் குறியுங்கள். அந்தப் பெயர்கள் கதைக்குள் எந்தக் காட்சியிலே, எவர் கையிலே, எத்தனை முறை வருகின்றன என்று வலப்பக்கம் குறியுங்கள். பெயர் வந்தபோது கதையில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்: சண்டையா, காதலா, சாவா என்று. படம் முடிந்து வெளியே வந்து, தேநீர்க் கடையிலே அமர்ந்து, பட்டியலை உரக்கப் படியுங்கள். உடன் பார்த்தவர் எத்தனை பெயரை உணர்ந்தார், எத்தனையை உணராமல் விழுங்கினார் என்று கேளுங்கள். பின்னர் தாளை மடித்துத் தயாரிப்பாளருக்கே அஞ்சலில் அனுப்புங்கள். சிறிய தாள் போதாது. முழுத்தாளாகவே எடுத்துச் செல்லுங்கள்.